இருவாச்சி எடுத்த ஊதியமில்லா விடுப்பு

மழைக்காட்டின் நடுவே, அருவி விழும் பாறைக்கடியில், கருமேனி என்னும் கரடி ஓர் ஆலோசனைக் கூடம் நடத்தி வந்தது. எந்த மரம் கனிந்திருக்கிறது, எந்த ஓடை வற்றவில்லை, எந்தச் சரிவில் சிறுத்தை உலவுகிறது என்று அறிய விரும்பும் விலங்குகள் யாவும் அங்கே வரும். கேட்டதற்கு விடை பெறும். விடைக்கு ஈடாகப் பலாச்சுளையோ தேனடையோ கொடுத்துச் செல்லும்.

அக்கூடத்தின் தலைமை ஆலோசகர் பொன்முடி என்னும் இருவாச்சிப் பறவை. நீண்ட மஞ்சள் அலகும், அதன்மேல் கிரீடம் போன்ற கொண்டையும் உடைய பொன்முடி, கானகத்தின் மேலே பறந்து அனைத்தையும் கண்டுவரும். அதன் சிறகோசை மலைச்சரிவு முழுவதும் கேட்கும். "ஆலோசகர் வருகிறார்!" என்று குரங்குகள்கூடக் கூச்சலை அடக்கிக்கொள்ளும்.

எந்தக் கேள்விக்கும் பொன்முடி நேரே விடை கூறியதில்லை. கண்களை மூடிக்கொள்ளும். அலகை உயர்த்தும். "இதற்கு மூன்று வழிகள் உண்டு!" என்று தொடங்கும். மூன்றாம் வழிக்கு வருவதற்குள் கேட்டவருக்கு முதல் வழி மறந்துபோயிருக்கும். ஆயினும் எல்லோரும் தலையசைப்பார்கள். இவ்வளவு நேரம் பேசுகிறவர் அறிவாளியாகத்தானே இருக்க வேண்டும்!

பொன்முடியின் மனைவி வடிவு. முட்டையிடும் பருவம் வந்ததும், வடிவு ஒரு பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்தது. களிமண்ணையும் பழச்சக்கையையும் குழைத்துப் பொந்தின் வாயை உள்ளிருந்தே பூசி அடைத்தது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் விட்டது. இருவாச்சி குலத்துக்கு இறைவன் வகுத்த வழக்கம் அது. உள்ளே பேடு தன் சிறகிலுள்ள இறகுகளை உதிர்த்துவிடும். குஞ்சு வளரும்வரை அதனால் பறக்க இயலாது. ஆண்பறவை கொண்டுவரும் கனியே இருவருக்கும் உணவு. உலகுக்கெல்லாம் படியளக்கும் பெருமான், அந்தப் பொந்துக்குப் படியளக்கும் பொறுப்பைப் பொன்முடியின் அலகிடம் ஒப்படைத்திருந்தான்.

பொன்முடி கரடியிடம் சென்றது.

"கூடத்தலைவரே, எனக்கு விடுப்பு வேண்டும். குஞ்சு பறக்கும்வரை வேண்டும்!"

"விடுப்பா! கனிகள் பழுக்கும் காலத்திலா! கேள்விகள் குவியும் நேரம் ஐயா இது!"

"கனி பழுக்கும் காலத்தில்தானே முட்டையும் இட முடியும்! நான் என்ன செய்வேன்?"

கரடி மூக்கைச் சொறிந்துகொண்டது. "சரி, போய்வாரும். ஆனால் பலாச்சுளையில் உமக்குப் பங்கு கிடையாது!"

"வேண்டாம்."

"தேனிலும் கிடையாது!"

பொன்முடி ஒரு கணம் தயங்கியது. "தேனும் வேண்டாம்."

"மெச்சினேன்! அவசரம் என்றால் மட்டும், ஒரே ஒரு கேள்வி..."

"ஒரே ஒரு கேள்விக்கு என்ன! தாராளமாகக் கேளுங்கள்!"

அந்த ஒரு சொல்லில்தான் விடுப்பு முழுவதும் ஓட்டை விழுந்தது.

மறுநாள் காலை பொன்முடி காட்டத்தி மரத்துக்குச் சென்றது. இருவாச்சிக்குத் தொண்டையே கூடை. கனிகளை ஒவ்வொன்றாகத் தொண்டையில் அடுக்கிக்கொண்டு வந்து, துளையருகே அமர்ந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஊட்டும். அவ்வாறே தொண்டை புடைக்கப் புடைக்க நிரப்பிக்கொண்டு புறப்பட்டது.

வழியில் ஒரு மலையணில் கிளையில் தலைகீழாகத் தொங்கியது.

"அண்ணா! சிறகோசை கேட்டு ஓடி வந்தேன்! ஒரே ஒரு கேள்வி! கூடு கட்ட எந்தக் கிளை நல்லது?"

"ம்ம்... ம்ம்ம்..." என்றது பொன்முடி.

"என்ன அண்ணா, தொண்டை கட்டிக்கொண்டதா? அடடா! உங்களைவிட்டால் இதைச் சொல்ல இந்தக் காட்டில் வேறு யார் இருக்கிறார்கள்!"

அச்சொல் பொன்முடியின் செவியில் தேனாக இறங்கியது. தொண்டை நிறையக் கனி, பேச இடமில்லை. என்ன செய்வது? கனிகளை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டது. கண்களை மூடிக்கொண்டது.

"இதற்கு மூன்று வழிகள் உண்டு!"

வெயில் உச்சிக்கு ஏறியபோதுதான் பேச்சு முடிந்தது. மீண்டும் அத்திமரத்துக்குச் சென்று கிடைத்ததைக் கொண்டு பொந்தை அடைந்தது.

துளையில் வடிவின் அலகு தெரிந்தது. "வாருங்கள் சுவாமி! உங்கள் சிறகோசை காலையிலேயே கேட்டது. கனிதான் சற்றுப் பிந்திவிட்டது!"

"ஒரு சிறு ஆலோசனை, வடிவு. உன் பசியைத் தீர்க்க மூன்று வழிகள்..."

"என் பசிக்கு இந்தத் துளை ஒன்றுதான் வழி! முதலில் ஊட்டுங்கள்!"

அன்றிலிருந்து அதுவே வாடிக்கையாயிற்று. குரங்கு கேட்டது, பொன்முடி விழுங்கியது. முள்ளம்பன்றி கேட்டது, பொன்முடி விழுங்கியது. கேட்காதவர்க்கும் சில நேரம் தானே இறங்கிவந்து ஆலோசனை வழங்கியது. பொந்துக்குள் வடிவு மெலிந்தது. வெளியே பொன்முடி கொழுத்தது.

"விடுப்பு உங்களுக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது அண்ணா! வயிறு எப்படிப் பூரித்திருக்கிறது!" என்று அணில் வியந்தது.

ஒருநாள் முட்டை வெடித்துக் குஞ்சு வெளிவந்தது. துளை வழியாக 'கீச்' என்னும் மெல்லிய குரல் கேட்டது. பொன்முடியின் உள்ளம் உருகிப்போயிற்று.

"இனி ஒரு கனியும் வழியில் நிற்காது! இது சத்தியம்!" என்றது.

"சத்தியத்தைக் குஞ்சு தின்னாது சுவாமி. அத்திக்கனி தின்னும்!" என்றது வடிவு.

மறுநாள் பொன்முடி மிகுந்த பக்தியோடு பழுத்த கனிகளாகவே தேர்ந்து தொண்டையை நிரப்பியது. பாதி வழியில் கரடியே எதிரே நின்றது. அதன் பின்னால் குன்றுகள் போல யானைக்கூட்டம்.

"பொன்முடியாரே! நல்ல வேளை வந்தீர்! யானைகள் முதன்முறையாக நம் கூடத்தை நாடி வந்திருக்கின்றன! எந்தச் சரிவில் மூங்கில் துளிர்த்திருக்கிறதாம்? ஒரே ஒரு கேள்வி!"

பொன்முடி பொந்து இருக்கும் திசையை நோக்கியது. யானைகளை நோக்கியது. யானைகளுக்கே ஆலோசனை! எந்த இருவாச்சிக்குக் கிடைத்த பேறு இது! கண்களை மூடிக்கொண்டு கனிகளை விழுங்கியது.

"இதற்கு மூன்று வழிகள் உண்டு!"

முதல் வழி நெடுநேரம் சென்றது. இரண்டாம் வழியின் நடுவில் காற்று திசை மாறியது. மூத்த யானை துதிக்கையை உயர்த்தி முகர்ந்தது. மூங்கில் மணம் வந்த பக்கமாக நடந்தது. மற்ற யானைகளும் ஓசையின்றிப் பின்தொடர்ந்தன. கண்மூடிப் பேசிய பொன்முடி எதையும் அறியவில்லை.

"ஆகவே, மூன்றாம் வழியே சாலச் சிறந்தது!" என்று கூறிக் கண்களைத் திறந்தது.

எதிரே கரடி மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. மாலையாகிவிட்டது. மலையை மூடுபனி சூழ்ந்திருந்தது. ஒரு சிறகடி தூரமும் தெரியவில்லை. பொன்முடியால் பறக்க முடியவில்லை.

விடிந்து பனி விலகியதும் பொன்முடி பொந்துக்குப் பறந்தது. உள்ளிருந்து 'டக், டக்' என்று ஓசை வந்தது. பூசிய மண் துண்டு துண்டாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"வடிவு! என்ன செய்கிறாய்! சுவரை உடைக்காதே! உன் சிறகில் இறகில்லை! கீழே பள்ளத்தாக்கு!"

"தெரியும்," என்றது வடிவு. அதன் குரல் கம்மியிருந்தது. "குஞ்சு கத்துவதை நிறுத்திவிட்டது. விழுந்தாலும் இரண்டு கனி பொறுக்கலாம் என்றுதான்..."

"நான் உங்களுக்காகத்தானே பலாவையும் தேனையும் விட்டு ஊதியமில்லா விடுப்பு எடுத்தேன்!"

"நீங்கள் எடுத்தது ஊதியமில்லா விடுப்பு அன்று சுவாமி. ஊதியமில்லா வேலை!"

இம்முறை பொன்முடி மூன்று வழிகள் தேடவில்லை.

"சுவரைத் தொடாதே! இதோ வந்துவிட்டேன்!" என்று மட்டும் கூறிப் பறந்தது. அத்திமரத்தில் அலகு நிறைய, தொண்டை நிறையக் கனிகளை அள்ளியது. திரும்பும் வழியில் அருவிப்பாறைமேல் கரடி நின்றது.

"பொன்முடியாரே! இறங்கி வாரும்! பேச்சின் பாதியிலேயே போய்விட்ட யானைகளுக்கு என்ன சொல்வது? ஒரே ஒரு கேள்வி!"

பொன்முடி பறந்தது.

"காதில் விழவில்லையா! உம்மையன்றி இந்தக் கூடம் என்ன ஆகும்!"

பழைய தேன் மீண்டும் செவியில் இறங்கியது. பொன்முடியின் சிறகு ஒரு கணம் தளர்ந்தது. தொண்டை விழுங்கத் துடித்தது. ஆனால் விழுங்கவில்லை.

"இப்போது இறங்காவிட்டால் கீரியைத் தலைமை ஆலோசகராக்கிவிடுவேன்! கூடத்தில் நீர் அமரும் கிளையும் போயிற்று!"

"ம்ம்!" என்றது பொன்முடி. அந்த 'ம்ம்' என்ன பொருள் தந்ததென்று கரடி இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறது.

பொந்தை அடைந்ததும் பொன்முடி முதல் கனியைத் துளையில் நீட்டியது. வடிவு அதைத் தான் உண்ணவில்லை. நசுக்கிக் குஞ்சின் வாயில் வைத்தது. இரண்டாவது கனியையும் அப்படியே வைத்தது. உள்ளே ஓசையில்லை. பொன்முடி அலகைத் தாழ்த்தி, தன்னைப் படைத்தவனை நினைத்தது. அதுவரை தொழுகைக்கும் மூன்று வழி தேடிய பறவை, அன்று "காப்பாற்று" என்னும் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது கனிக்கு, 'கீச்' என்று ஒரு குரல் எழுந்தது.

"இன்னும் கேட்கிறது!" என்றது வடிவு. "உங்கள் பிள்ளைதானே! வாய் மூடாது!"

பொன்முடி சிரிக்கவில்லை. அடுத்த கனிக்குப் பறந்துவிட்டது. வடிவு உடைத்த சுவரை மீண்டும் பூசிக்கொண்டது. அதன்பின் யார் அழைத்தாலும் பொன்முடியின் வாய் நிறையக் கனி இருந்தது. பேச இடமே இல்லை. அணில் தானே ஒரு கிளையைத் தேர்ந்து கூடு கட்டிக்கொண்டது. அது உறுதியாகவே நின்றது. கேள்வி கேட்டவர்கள் சில நாள் முணுமுணுத்தார்கள். பிறகு முகர்ந்தும், ஏறியும், நடந்தும் தாங்களே கண்டுகொண்டார்கள்.

குஞ்சு சிறகு விரித்த பிறகு பொன்முடி கூடத்துக்குத் திரும்பியது. அதன் பழைய கிளைக்கடியில் இருந்த மேடையில் கீரி அமர்ந்திருந்தது. அது ஐந்து வழிகள் சொல்லிக்கொண்டிருந்தது. பொன்முடி ஒதுக்குப்புறமாகத் தாழ்ந்த கிளை ஒன்றில் அமர்ந்தது.

"வருத்தமாக இல்லையா அண்ணா?" என்று அணில் மெல்லக் கேட்டது.

அப்போது மலைச்சரிவு முழுவதும் ஒரு சிறகோசை கேட்டது. குரங்குகள் கூச்சலை அடக்கி அண்ணாந்து பார்த்தன. அது பொன்முடியின் சிறகோசை அன்று. அதன் பிள்ளையின் சிறகோசை.

"இல்லை," என்று ஒரே சொல்லில் விடை கூறியது பொன்முடி.

நாமின்றியும் நடந்துவிடும் காரியங்களுக்காக, நம்மையன்றி வேறு கதியில்லாதவர்களைக் காத்திருக்க வைத்தல் ஆகாது.