தண்ணீரைத் தட்டும் கை

ஊரில் நீச்சல்குளமே இல்லாத காலம். தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பல் அண்டாத ஒரு மூலையில், சவுக்குக் கட்டைகளைக் கட்டி இருபதடி உயரத்துக்குப் பரண் போட்டிருந்தார்கள். அதை ஏறிட்டுப் பார்க்கவே நெல்லையப்பனுக்குப் பயம்.

அவர் ரயில்வே குமாஸ்தா. முப்பத்து நாலு வயது. அன்று காலை நடந்த நீச்சல் போட்டியில் முதலாவதாக வந்திருந்தார். தண்ணீர்ப் பந்தாட்டத்தில் நாலு கோல் போட்டிருந்தார். மூன்று மணிக்குப் பரணிலிருந்து தலைகீழாகப் பாய்ந்துவிட்டால், அந்த ஊரில் மூன்றையும் முடித்த முதல் ஆள் அவர்தான். பாயாவிட்டால் காலையில் ஜெயித்ததை யாரும் பேசப்போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாயும்போது பாதி வழியில் தலையைத் தூக்கிவிட்டார். பந்து எங்கே, பந்து எங்கே என்று தேடிப் பழகிய தலை சொன்ன பேச்சைக் கேட்குமா? நெஞ்சு தட்டையாக அடிபட்டு, நினைவில்லாமல் மிதந்தவரைக் குரு இஞ்ஞாசிதான் இழுத்துக் கரை சேர்த்தார். காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

இஞ்ஞாசி கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். சீடரைவிட ஆறு வயது இளையவர். சீடர் மேலே நிற்கும்போதெல்லாம் குரு கீழே தண்ணீரில் மிதந்தபடி உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருப்பார். அசையாத தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று மேலேயிருந்து தெரியாது. தட்டித் தட்டி அலை எழுப்பினால்தான் பாய்கிறவர் கண்ணுக்கு அது பிடிபடும்.

மூன்று மணிக்குச் சற்று முன் பரணடியில் நின்று நெல்லையப்பன் கேட்டார்:

“மாஸ்டர், இந்தப் பயம் எப்பப் போவும்?”

“காலையில நாலு கோல் போட்ட ஆளா கேக்குதீய?”

“விளையாடாதிய. இன்னைக்கும் தலையத் தூக்கிட்டா?”

இஞ்ஞாசி வேட்டியை அவிழ்த்துக் கரையில் மடித்துவைத்தார்.

“நான் ஏறுதேன் அண்ணாச்சி. நீங்க தட்டுங்க.”

நெல்லையப்பன் இறங்கித் தட்டினார். மேலே இஞ்ஞாசி பலகை நுனிக்கு வந்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஒருமுறை முன்னால் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தார்.

நெல்லையப்பனுக்குத் தோள் கடுத்தது. கை ஓய்கிற அந்த நொடி பார்த்து மனுஷன் பாய்ந்து தொலைத்தால்? அவர் இரண்டு கையாலும் தட்டினார்.

கடைசியில் இஞ்ஞாசி பாயவில்லை. ஏணி வழியாகவே இறங்கி வந்தார்.

“ஏன் பாயல?”

“பயந்தியளா?”

“உசுரே போயிட்டு.”

“கை நின்னுச்சா?”

“அதெப்படி நிக்கும்?”

மூன்று மணி அடித்தது. கரையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நெல்லையப்பன் ஏணியில் கைவைத்தார். ஒரு படி ஏறியவர் நின்று திரும்பினார்.

“மாஸ்டர், நான் மேல நிக்கையில நீங்களும் கீழ இப்படித்தான் பயந்தியளா?”

இஞ்ஞாசி அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்தார்.

“என் கை நின்னு என்னைக்காவது பாத்திருக்கியளா அண்ணாச்சி?”