பூதத்துக்கு ஒரு கட்டியம்

பொன்னிலங்காட்டு ராஜாவுக்கு வந்து வாய்த்த தலைவலி ஒரு பூதம். ஊருக்குத் தண்ணீர் வருகிற மலைச்சுனையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, நகரவே மாட்டேன் என்கிறது. தளவாய் சிங்கமுத்து வாளோடு போனான். வாள் வளைந்துதான் வந்தது. அதன் தோல் அப்படி! தொண்டைக்குக் கீழே மட்டும் மெத்தென்று ஓரிடம் உண்டு. ஆனால் பூதம் படுத்தால்தான் அது எட்டும். பாழாய்ப்போன பூதமோ கண்ணை மூடினதே இல்லை.

"வாளுக்குத் துணையாக இன்னோர் ஆயுதம் வேண்டும்" என்றார் ராஜா.

கட்டியக்காரர் பரமானந்தம் முந்திக்கொண்டார். ராஜா சபைக்கு வந்ததும் ராஜாவின் பட்டங்களை நீட்டி முழக்குவது இவர் வேலை. மந்திரி தெய்வச்சிலையைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மகாராஜா, அந்த ஆயுதம் தளவாய் கைக்குப் பாரமாக இருக்கக் கூடாது. மழுங்கக் கூடாது. எவ்வளவு எடுத்தாலும் தீரக் கூடாது. நம் மந்திரியார்தான் பெரிய கெட்டிக்காரர் ஆயிற்றே, நாளைக்குள் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் அவரே போய் பூதத்தின் முன்னால் நிற்கட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார் ராஜா.

தெய்வச்சிலை மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார். பாவி மனுஷன், ஆளையே பலி கொடுக்க வழி பண்ணிவிட்டானே!

மறுநாள் அவர் வெறுங்கையோடு வந்தார்.

"எங்கேய்யா ஆயுதம்?"

"முதலில் கட்டியம் ஆகட்டும், மகாராஜா. இன்றைக்கு ஒரு பட்டம்கூட விட்டுப்போகக் கூடாது."

பரமானந்தத்துக்கு வாயெல்லாம் பல். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "தும்மினால் திசை நடுங்க வைக்கும் தீராதிதீர, அண்டை நாட்டை முறைத்தே அடக்கிய அசகாயசூர..."

ராஜா கண்ணை மூடி ரசித்தார். ரசனை என்றுதான் சபையில் அதற்குப் பெயர். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. காவலர்கள் ஈட்டியில் சாய்ந்தார்கள். கட்டியம் தொடங்கியதுமே காதில் பஞ்சை அடைத்துக்கொண்ட தெய்வச்சிலை மெல்ல எழுந்தார். ராஜாவின் கிரீடத்தைக் கழற்றிப் பரமானந்தத்தின் தலையில் வைத்தார். அவர் பாட்டுக்குப் பட்டங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் முரசில் ஓங்கி ஒரு அடி!

ராஜா துள்ளி எழுந்தார். "அடேய்! என் கிரீடம்!"

பரமானந்தம் தலையைத் தடவிப் பார்த்து, அவசரமாகக் கிரீடத்தைக் கழற்றி நீட்டினார்.

"வைத்தது நான்தான், மகாராஜா. இத்தனை காவலர் நடுவிலும் ஒருவரும் தடுக்கவில்லை. ஆயுதம் இதோ நிற்கிறது. தன் காலாலேயே நடந்து வரும், தளவாய்க்குப் பாரமில்லை. மழுங்கியதும் இல்லை, தீர்ந்ததும் இல்லை."

ராஜாவின் முகம் சிவந்தது. "என் புகழைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்கிறீரா?"

தெய்வச்சிலை கைகூப்பினார்.

"ஐயையோ! உங்கள் புகழில் நீங்களே சொக்கிப்போனீர்கள். பூதம் எம்மாத்திரம்?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். பரமானந்தம் கெஞ்சக் கெஞ்ச, காதில் பஞ்சோடு சிங்கமுத்து அவரை மலைக்கு அழைத்துப்போனான்.

மத்தியானமே ஊர் வாய்க்காலில் தண்ணீர் சலசலத்தது. சிங்கமுத்து மட்டும் தனியாகத் திரும்பினான். ராஜா பதறிப்போனார்.

"பரமானந்தம் எங்கேப்பா? பூதம் தின்றுவிட்டதா?"

"இல்லை மகாராஜா. பூதம் எப்போதோ செத்துவிட்டது. அவர் இன்னும் முடிக்கவில்லை."