கடைநிலைக்கு வந்த குழாய்

கோணப்புளி ஊருக்கு அரசாங்கம் ஒரே ஒரு குடிநீர்க் குழாய் ஒதுக்கியது. ஊரில் கடைநிலையில் இருப்பவர் வாசலில் அதைப் போட வேண்டும் என்பது உத்தரவு.

ஊராட்சித் தலைவர் வைரப்பெருமாளும் அவருடைய இரண்டு உறுப்பினர்களும் பொருள் தெரியாத சொல்லுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அல்லர். கடைநிலை என்றால் என்ன என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது: தனக்குக் கீழே ஒருவரும் இல்லாதவர்.

கீழத்தெருச் செங்காயி நாள்தோறும் இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமப்பவள். இந்த முறையாவது கிடைக்கும் என்று குடத்தோடு வந்து நின்றாள்.

உறுப்பினர் கொண்டல்சாமி விசாரித்தார். "ஏம்மா, உன் பேச்சைக் கேக்க யாராவது உண்டா?"

"ஆடு ஒண்ணு இருக்குதுங்க. கூப்பிட்டா வரும்."

"அப்ப உனக்குக் கீழ ஆள் இருக்கு."

"ஆடு ஆளாங்க?"

"கூப்பிட்டா வருதுல்ல? நான் கூப்பிட்டா என் பெண்டாட்டியே வர்றதில்ல."

அவள் பெயரை அடித்தார்கள். கீழத்தெருவில் ஒருவனுக்கு நாய் இருந்தது, ஒருத்திக்குக் கோழிகள் இருந்தன. தெரு முழுவதும் தகுதி இழந்தது.

இன்னொரு உறுப்பினர் பூமாலை நெடுநேரம் யோசித்துவிட்டு, தலைவர் பேச்சை ஊரில் யார் கேட்கிறார்கள் என்று வினவினார். சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தலைவர் இருவரையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருந்த இருவரும் எழுந்து நின்றார்கள்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது ஆண்டு பதவியில் இருந்தும், தான் இவ்வளவு கீழே கிடந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேட்டுத்தெருவில் அவர் வாசலில் குழாய் போட்டார்கள். தண்ணீர் பொங்கி வந்தது. பாத்திரங்கள் நிறைந்ததும் தலைவர் அதை மூடப் போனார். கொண்டல்சாமி பதறிக் கையைப் பிடித்தார்.

"திருகினா நின்னுரும் தலைவரே. நின்னுட்டா, குழாய் உங்க பேச்சைக் கேட்டதா ஆயிரும். அப்புறம் நம்ம நிலை என்னாகிறது?"

தலைவர் கையை எடுத்துக்கொண்டார். தண்ணீர் இரண்டு நாள் ஓடியது.

மூன்றாம் நாள் செங்காயி ஒரு நீண்ட ரப்பர் குழாயைக் கொண்டுவந்து மாட்டி, மறுமுனையைச் சரிவில் தன் வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள். தலைவர் கழற்றச் சொன்னார். அவள் கழற்றவில்லை.

உறுப்பினர்களின் முகம் மலர்ந்தது. ஆட்டுக்காரிகூடத் தலைவரை மதிக்கவில்லை, தண்ணீரும் அவர் வீட்டில் தங்கவில்லை. ஆகவே எங்கள் தலைவர் முன்னைவிடக் கீழே போய்விட்டார், இரண்டாவது குழாய் உடனே தேவை என்று மேலிடத்துக்கு மனு எழுதினார்கள்.

தலைவர் அதைப் படித்துப் பார்த்துப் பூரித்து, இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார்.

இருவரும் மறுத்துவிட்டார்கள்.