சிலுப்பி சும்மா இருந்த நாள்

நாவல்குட்டைக் கரையில் விலங்குகள் வரிசையாகக் கடை போட்டிருந்தன. ஒரு கோடியில் முயல் துள்ளானின் கடலைக்கடை. ஒட்டினாற்போல் முள்ளம்பன்றி சிலுப்பியின் கிழங்குக்கடை. அதையடுத்து அடர்ந்த புதர். அதற்கு அப்பால் மானும் கரடியும் கடை வைத்திருந்தார்கள்.

திருட்டு நரியின் தொல்லை தாங்காமல் எல்லோரும் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். நரியின் காலடி கேட்டால் துள்ளான் பின்னங்காலால் தரையைத் தட்டுவான். ‘தொம் தொம்!’ அது பக்கத்திலிருக்கும் சிலுப்பிக்கு மட்டும்தான் கேட்கும். உடனே அவள் முள்ளைச் சிலுப்பிக் கலகலவென்று ஆட்ட வேண்டும். அந்தச் சத்தம் புதரைத் தாண்டும். கரடி தடியோடு ஓடிவரும். இப்படியே மூன்று முறை நரியை விரட்டிவிட்டார்கள்.

பாராட்டெல்லாம் யாருக்கு? துள்ளானுக்கு!

“அடேயப்பா, இவன் காது காதல்லப்பா, கோட்டைக் காவல்!” என்றது கரடி. மான் அவன் கழுத்தில் பூமாலையே போட்டுவிட்டது. கூட்டமும் அவன் கடையில்தான் மொய்த்தது.

சிலுப்பிக்கு வயிறு பற்றி எரிந்தது. “முதுகு வலிக்க வலிக்க ஆட்டுறது நான்! மாலை மட்டும் அவனுக்கா? என்னை ஒரு நாதி ஏறெடுத்துப் பாத்துச்சா?” என்று முணுமுணுத்தாள். அன்று அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் ‘தொம் தொம்!’ கேட்டது.

சிலுப்பி முள்ளைப் படியவைத்துக்கொண்டாள்.

“அக்கா! நரி வந்துட்டான்! ஆட்டுக்கா!” என்று அடிக்குரலில் கெஞ்சினான் துள்ளான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துள்ளான் உயிர் தப்பினதே பெரிய காரியம். கடலை மூட்டை ஒன்றுகூட மிச்சமில்லை.

“தூங்கிட்டேன்டா தம்பி,” என்று கூசாமல் பொய் சொன்னாள் சிலுப்பி. துள்ளான் பெண்டு பிள்ளைகளோடு ஓடைக்கு அக்கரையில் குடிபோய்விட்டான். சிலுப்பிக்கோ உள்ளூரக் குளிர்ந்தது. இனி கூட்டமெல்லாம் நம்ம கடைக்குத்தான்!

அந்தச் சந்தோஷம் நாலு நாள்கூட நிற்கவில்லை. மழைக்காலத்துக்கென்று தன் ஐந்து பிள்ளைகளுக்காகச் சேர்த்த கிழங்கெல்லாம் கடைக்குப் பின்னால்தான் இருந்தது. ஒரு மத்தியானம் சாப்பிட்ட களைப்பில் கண்ணயர்ந்தாள். நரி வந்தது. தரையைத் தட்டி எழுப்ப யாருமில்லை. விழித்துப் பார்த்தால், கடைசி மூட்டை நரியின் வாயில்!

“அடப்பாவி! என் பிள்ளைங்க சாப்பாடுடா அது!” என்று கத்தினாள்.

நரி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தது. “அன்னைக்கு நீ பேசாம இருந்து பண்ண உபகாரத்தை மறப்பேனா அக்கா? காது கேக்கிறவனும் ஊரைவிட்டுப் போயிட்டான். அதான் தைரியமா வந்தேன்!”

சிலுப்பி முள்ளெல்லாம் உதிரும்படி ஆட்டினாள். கரடி ஓடி வருவதற்குள் நரி மூட்டையோடு மறைந்துவிட்டது.

கரடி அவளையே பார்த்தது. “இவ்வளவு சத்தமா ஆட்டத் தெரியுதே. துள்ளான் கடையில நரி புகுந்தப்போ இது எங்கே போச்சு தாயி?”

பசியெடுத்த பிள்ளைகள் ஐந்தும் அவளைச் சுற்றி வந்து நின்றன.

பக்கத்து வீடு பறிபோகட்டும் என்று பொறாமையில் வாய் மூடியிருப்பவர், தம் வீட்டுக்கும் திருடனுக்கு வழிகாட்டுகிறார்.