இங்கிலீஷில் கேட்டால் ஃபீஸ் வாபஸ்

திருநெல்வேலி ஜங்ஷனில் இங்கிலீஷ் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கும் டைரக்டர் தனராஜ், உச்சி வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். ‘பாஸாகாவிட்டால் பரீட்சை ஃபீஸ் வாபஸ்’ என்று வாசலில் கொட்டை எழுத்தில் போர்டு வைத்திருந்தார். கனடா ஓட்டல் வேலைக்கு ஆசைப்பட்ட பரோட்டா மாஸ்டர் இசக்கியப்பன் அதை நம்பித்தான் வட்டிக்கு வாங்கிக் கட்டினான். பரீட்சையில் மண்ணைக் கவ்வினான்.

ஃபீஸைத் திருப்பிக் கேட்டபோது வகுப்பே பார்க்க டைரக்டர் சிரித்தார். “இங்கிலீஷ்ல கேளுப்பா. சரியாக் கேட்டா நான் சொல்லிக்கொடுத்தது உனக்கு வந்துட்டுன்னு அர்த்தம், வாபஸ் கிடையாது. தப்பாக் கேட்டா எனக்குப் புரியாது.”

இசக்கியப்பனுக்குக் காது சிவந்துவிட்டது. அன்று திரும்பிப் போனவன், புது அட்மிஷன் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டையோடு வாசலில் வந்து நின்றான். மகளோடு படியேறிய ஒரு பெரியவரைப் பார்த்து, பரோட்டாக் கல் முன்னால் நின்று ஆர்டர் கத்தும் அதே குரலில் ஆரம்பித்தான்.

“வெல்கம் சார்! மீ திஸ் கிளாஸ் ஓல்டு ஸ்டூடண்ட்! டைரக்டர் சார் டீச்சிங், மீ ஆல் இங்கிலீஷ் கம்மிங்!”

பெரியவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே இறங்கினார். பின்னால் வந்த குடும்பமும் இறங்கியது.

டைரக்டர் ஓடி வந்தார். “என்னய்யா பண்ணுதே?”

“நீங்கதானே சார் இங்கிலீஷ்ல கேக்கச் சொன்னீங்க? பேசிப் பழகுதேன். சரியா வர்ற வரைக்கும் தினமும் வாரேன்.”

அடுத்த நிமிடம் முழு ஃபீஸும் அவன் சட்டைப்பையில் இருந்தது. “தேங்க்...” என்று வாயெடுத்தான் இசக்கியப்பன்.

டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, தமிழ்லயே சொல்லிட்டுப் போயிரும்!”