நுனி ஒடிந்த வெண்டைக்காய்

ஆலங்காட்டுக் குளக்கரையில் ஒரு கரடி காய்கறிக் கடை வைத்திருந்தது. வெண்டைக்காய் வந்த நாளில் கூட்டம் முட்டி மோதும்.

வந்தவர்கள் சும்மா வாங்குவார்களா? குரங்கு நகத்தால் நுனியை ஒடிக்கும். ஆடு பல்லால் கடித்துப் பார்க்கும். கிளி அலகால் கொத்தும். ஒடியாவிட்டால் "முற்றல்!" என்று எறிவார்கள். பட்டென்று ஒடிந்தாலோ, "ஆகா, நல்ல பிஞ்சு!" என்று அதையும் போட்டுவிட்டு, முழுசாக இருப்பதைப் பொறுக்குவார்கள். என்ன புத்தியோ!

சாயங்காலம் கரடி மிச்சத்தைக் குழியில் கொட்டிச் சாம்பலைத் தூவிவிடும். சும்மா கிடைத்தால் யார் வாங்குவார்கள் என்பது அதன் கணக்கு.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பெருச்சாளியின் வளையில் குட்டிகள் பசியால் சுருண்டு கிடந்தன. தாய் எத்தனை நாள் பொறுக்கும்? ஒரு மாலை கரடி சாம்பல் கூடையைத் தூக்கியதுமே, பெருச்சாளி குட்டிகளோடு குழிக்குள் குதித்துவிட்டது.

"ஏய், வெளியே வா! குப்பையத் திங்க வெக்கமா இல்ல?" என்று, ஆட்டோடும் கிளியோடும் எட்டிப் பார்த்த குரங்கு கத்தியது.

"வர மாட்டேன்! கொட்டுறதுன்னா எங்க தலையில கொட்டுங்க, கரடியண்ணே!"

"நான் என்ன பண்ண? ஒடிஞ்சத எவன் வாங்குறான்?" என்றது கரடி.

பெருச்சாளி காய்களை ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டியது. "குரங்கண்ணே, இது உன் நகம்! ஆட்டக்கா, இது உன் பல்லு! கிளியே, இந்த ஓட்டை உன்னோடது! அழுகல, புழு வைக்கல. நீங்கதான் ஒடிச்சீங்க, நீங்களே குப்பைன்னு பேரும் வச்சீங்க! தானும் படுக்கான், தள்ளியும் படுக்கான்னு, நீங்களும் திங்காம எங்களையும் திங்க விடாம நிக்கிறீங்க! பாருங்க, உங்க கண்ணு முன்னாலயே திங்கிறோம்!"

குட்டிகள் கறுக் கறுக்கென்று கடித்தன. ஆட்டுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "எனக்கும் ஒண்ணு குடேன்" என்றது மெல்ல.

"வேணும்னா குழியில எறங்கிப் பொறுக்கு!" என்றது பெருச்சாளி.

கரடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாம்பல் கூடையைக் கீழே வைத்தது.

மறுநாள் கடை திறந்ததும் அது உரக்கச் சொன்னது: "ஒடிச்சவங்க ஒடிச்சதக் காசு குடுத்து எடுத்துட்டுப் போகணும்! மிச்சம் இருந்தா பெருச்சாளி வீட்டுக்கு!"

கூடையை நோக்கி நீண்ட குரங்கின் கை சட்டென்று பின்னால் போனது.

நம் கையாலேயே கெடுத்துவிட்டுக் குப்பை என்று ஒதுக்கும் உணவு, பசித்தவர் வாயிலிருந்து நாம் பிடுங்கிய உணவு.