காற்றுக்கணவாயின் விறகுக்கட்டு

முன்னொரு காலத்தில் முகில்நாட்டைத் திருமாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் பேச்சு காதில் விழுந்ததோ, அதுதான் அவருக்கு வேதம்.

அவர் நாட்டுக்கும் பகைநாட்டுக்கும் நடுவில் காற்றுக்கணவாய். எட்டாத உயரம், எலும்பைத் துளைக்கும் குளிர். உச்சியில் ஒரே ஒரு கல்மண்டபம். கணவாய் ஏறுகிறவர் எந்த நாட்டுக்காரரானாலும் அடிவாரத்திலிருந்து ஒரு கட்டு விறகு சுமந்து வருவார். அது சாரலில் நனைந்துதான் வந்து சேரும். ஆகவே முன்னால் போனவர் வைத்துப்போன காய்ந்த விறகை எரித்துக் குளிர்காய்வார். தன்னுடையதை அடுத்தவருக்கு வைத்துவிட்டு இறங்குவார். காவல்காரன் கொம்பன் அந்த வழக்கம் தவறாமல் பார்த்துக்கொண்டான்.

இது தளபதி வீரசிங்கரின் காதுக்கு எட்டியது. எதிரிக்கு விறகு அடுக்குகிறவன் துரோகி என்று ராஜாவிடம் ஓதினார். பகைவனுக்கு விறகு வைத்தாலும், பகைவன் விறகில் குளிர்காய்ந்தாலும் தலை போகும் என்று அன்றே ஓலை எழுதியாயிற்று. முதலில் போகவேண்டிய தலை கொம்பனுடையது.

அமைச்சர் மருதவாணர் கொம்பனைக் காப்பாற்ற நினைத்தார். இளவயதில் அந்த மண்டபத்தில், யாரோ வைத்துப்போன விறகால் உயிர் பிழைத்தவர் அவர். மறுத்துப் பேசினால் அவரையும் துரோகி என்பார்கள். அதனால் பணிவாக இரண்டே விஷயம் கேட்டார். ஓலையில் 'யாராயிருந்தாலும்' என்று சேர்க்க வேண்டும். தண்டனையைக் கணவாயிலேயே, ராஜாவின் முன்னால் நிறைவேற்ற வேண்டும். கிழ அமைச்சரும் இனி இந்த ஓலைக்குத் தப்ப முடியாது, தானே வந்து மாட்டிக்கொண்டார் என்று தளபதிக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

அடிவாரத்தில் அமைச்சர் வழக்கத்தை நினைவூட்டினார். ராஜபரிவாரம் விறகு சுமப்பதா என்று தளபதி சிரித்தார். பாதி மலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மண்டபம் சேர்ந்தபோது ராஜாவுக்குப் பல் கிட்டிக்கொண்டது. மூலையில் காய்ந்த விறகைக் கண்டதும் தளபதியே ஓடிப்போய்த் தீ மூட்டினார். ராஜாவின் விரல்கள் மெல்ல மடங்கி நிமிர்ந்தன.

அப்போதுதான் அமைச்சர் கேட்டார்: "கொம்பா, இது யார் வைத்த விறகு?"

"அந்த நாட்டு உப்பு வியாபாரி வச்சதுங்க. நாலு நாளாச்சு."

அமைச்சர் ஓலையைப் பிரித்தார். "யாராயிருந்தாலும் என்றுதான் எழுதியிருக்கிறது, அரசே. யாரிடமிருந்து தொடங்கட்டும்?"

தளபதி கையைத் தீயிலிருந்து இழுத்துக்கொண்டார். ராஜா இழுக்கவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஓலையை வாங்கித் தீயில் போட்டார்.

"அடுத்து வரப்போவது யார், கொம்பா?"

"தெரியாதுங்க மகாராஜா. அதைக் கேட்டுட்டு இங்கே யாரும் விறகு வச்சதில்லீங்க."

வைப்பதற்கு அவர்களிடம் ஒரு சுள்ளிகூட இல்லை. ராஜா தான் ஏறிவந்த பல்லக்கைக் காட்டி, தளபதி கையாலேயே அதை உடைத்து அடுக்கச் சொன்னார். பிறகு கொம்பனுக்குத் தன் சால்வையைப் போர்த்திவிட்டு, நடந்தே மலை இறங்கினார்.

மறுவாரம் பகைநாட்டுக் கம்பளிக்காரர் ஒருவர் நடுங்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். பொன்முலாம் பூசிய விறகைப் பார்த்து, எரிக்க மனம் வராமல் நின்றார். குளிர் விடவில்லை, எரித்தார். போகும்போது தன் ஈர விறகை அதே மூலையில் அடுக்கிவிட்டுப் போனார்.